முகூர்த்தப் புடவை புதுசா, பழசா: ஒரு கோடித்துணியின் வரலாறு

(எபிசோட்டின் திருத்திய எழுத்து வடிவம். பேசினதை அப்படியே போட்டா படிக்க முடியாதுங்கிறதால தேவையான இடத்துல மட்டும் கை வச்சிருக்கேன்.)

போன வாரம் கேளம்பாக்கம் உப்பளம் பத்திப் பேசினோம். இந்த வாரம் அங்கேருந்து கொஞ்சம் மேற்கே, காஞ்சிபுரம் பக்கம் போறோம். காரணம் கொஞ்சம் சொந்த விஷயம். வர்ற வைகாசியில எனக்குக் கல்யாணம். வீட்டுல எல்லா முடிவும் எடுத்தாச்சு, ஒண்ணைத் தவிர. முகூர்த்தத்துக்குப் புதுப் பட்டு எடுக்கிறதா, இல்ல அம்மா 1994-ல கட்டின அரக்குப் பட்டையே நான் கட்டுறதா?

ஆபீஸ்ல இதைச் சொன்னப்போ ஆளுக்கு ஒரு பதில் வந்துச்சு. "ஒரு நாள் கூத்துக்கு எதுக்கு அவ்வளவு செலவு, வாடகைக்கு எடு"ன்னு ஒரு குரூப். நம்ம ஓ.எம்.ஆர். பக்கம் வாடகை லெஹங்கா, வாடகை நகை எல்லாம் இப்போ சாதாரணம். நாவலூர்ல உக்காந்துக்கிட்டு போன்லயே அளவு கொடுத்தா வீட்டுக்கே வந்துடுது. வரவேற்புக்கு யாரும் எதுவும் சொல்றதில்ல. ஆனா அதே ஆளுங்ககிட்ட "முகூர்த்தப் புடவையை வாடகைக்கு எடுக்கலாமா?"ன்னு கேட்டா சட்டுனு ஒரு அமைதி. அந்த அமைதிதான் இந்த எபிசோட். வரவேற்புக்கு ஓகேவா இருக்கிற பழைய துணி, தாலி கட்டுற நேரத்துல மட்டும் ஏன் ஆகாம போச்சு?

முதல்ல ஒரு வார்த்தையைப் பிடிப்போம்: கோடி. நம்பர் கோடி இல்ல. கோடித்துணின்னா இதுவரைக்கும் யாரும் உடுத்தாத, தண்ணி படாத புதுத்துணி. கல்யாணத்துக்கும் கோடி, சாவுக்கும் கோடி. கேரளத்து சிரியன் கிறிஸ்தவங்க கல்யாணத்துல மாப்பிள்ளை பொண்ணுக்குக் கொடுக்கிற புடவைக்குப் பேரே மந்திரகோடி. அந்தப் புடவையிலேருந்தே நூல் உருவி, அதைத் திரிச்சு, அதுலதான் மின்னு, அதாவது அவங்க தாலியைக் கோத்துக் கட்டுவாங்க. மதம் மாறியும் வார்த்தை மாறல பாருங்க.

இப்போ இந்தக் கோடியை யார் யாருக்குக் கொடுக்கிறாங்கன்னு கவனிச்சுப் பாருங்க. பெரும்பாலான தமிழ் வீடுகள்ல முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டுது. பொண்ணு சம்பாதிச்சாலும், அவங்க அப்பா கோடீஸ்வரனா இருந்தாலும், அந்த ஒரு புடவை அங்கேருந்துதான் வரணும். தட்டுல வச்சு, பெரியவங்க கையால வாங்கி, உள்ள போய் கட்டிக்கிட்டு வரணும். அப்புறம் அந்தப் பொண்ணு வாழ்க்கையில துக்கம் வந்தா, புருஷன் போனா, அன்னைக்குக் கோடி வர்றது அண்ணன் தம்பி வீட்டுலேருந்து. அவளே போனாலும் பிறந்த வீட்டுக் கோடிதான் மேல விழும். சேர்த்துக்கிறப்போ புகுந்த வீட்டுத் துணி, கைவிட மாட்டோம்னு சொல்றப்போ பிறந்த வீட்டுத் துணி. அதாவது கோடிங்கிறது ஒரு மெசேஜ். அனுப்புறவங்க யார், வாங்குறவங்க யாருங்கிறது அதுலயே எழுதியிருக்கு.

இப்படிப் பார்த்தா "பழசு ஆகாது"ங்கிறதுக்கு வேற அர்த்தம் கிடைக்குது. பழசு அசுத்தம்ங்கிறது முக்கியக் காரணமா எனக்குத் தெரியல. ஏன்னா நம்ம ஆளுங்க பட்டைப் பத்தி நினைச்சதே வேற. பருத்தியைத் துவைச்சாதான் மடி, பட்டுக்கு அவ்வளவு சுலபமா தீட்டு ஒட்டாதுன்னு சொல்ற பாட்டிங்களை நீங்களும் பாத்திருப்பீங்க. பிரச்சினை, மாப்பிள்ளை வீட்டுலேருந்து வர வேண்டிய துணி வேற யாருக்கோ ஏற்கெனவே போய்ச் சேர்ந்ததா இருக்கக்கூடாதுங்கிறதுதான். ஏற்கெனவே ஒருத்தருக்கு அனுப்பின மெசேஜை ஃபார்வர்டு பண்ணினா எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

இதுக்கு ஆதாரம் வேணும்னா கோயிலுக்கு வாங்க. அம்மனுக்குப் பக்தர்கள் சாத்துற புடவைகளைப் பல அம்மன் கோயில்கள்ல ஏலம் விடுறாங்க. ஜனங்க போட்டி போட்டு எடுப்பாங்க. அது என்ன? அம்மனுக்குச் சாத்தி எடுத்த புடவை. கணக்குப்படி பார்த்தா செகண்ட் ஹேண்ட். ஆனா வீட்டுல அதுக்குப் பேர் பிரசாதம். நல்ல நாள்ல கட்டுறதுக்குன்னே எடுத்து வச்சிருப்பாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்லேருந்து சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்கு ஆண்டாள் சூடிக்களைந்த மாலையும் கிளியும் பட்டு வஸ்திரமும் போகும். அழகர் ஆத்துல இறங்குறப்போ அதைச் சாத்திக்கிறார். திருப்பதிக்கும் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு இதே மாதிரி போகுது. பெருமாளே பொண்ணு போட்டுக் கழட்டின மாலைக்குக் காத்திருக்கிறார்னா, பழசுங்கிறதே குத்தம்னு இந்த ஊர் நினைக்கலன்னு அர்த்தம். முதல் கை யாருடையதுங்கிறதுதான் கேள்வி.

இன்னொரு உதாரணம் வடக்கேருந்து. 1942 மார்ச் 26, அலகாபாத். இந்திரா கல்யாணம். அவங்க கட்டினது நேரு ஜெயில்ல இருந்தப்போ நூற்ற நூல்ல நெய்த இளஞ்சிவப்புக் கதர்ப் புடவை. 1968 பிப்ரவரியில ராஜீவ் கல்யாணத்துல சோனியா கட்டினது அதே புடவை. எல்லாரும் இதைச் சிக்கனம்னோ எளிமைன்னோ சொல்வாங்க. எனக்குத் தோணுறது வேற. அது மாமியார் புடவை. மாப்பிள்ளை வீட்டுலேருந்துதான் வந்திருக்கு. துணி 26 வருஷப் பழசு, ஆனா வந்த திசை சரியா இருக்கு. எங்க கேஸ்ல துணியும் பழசு, திசையும் தப்பு. அம்மாவுது. அதான் எங்க வீட்டுல இவ்வளவு பஞ்சாயத்து.

சரி, இப்போ காஞ்சிபுரம். ஒரு சின்னத் தகவல்: 2019 நவம்பர் 29 வரைக்கும் நம்ம நாவலூரே காஞ்சிபுரம் மாவட்டம்தான். அன்னைக்குதான் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆச்சு. அதுவரைக்கும் இங்க இருந்த கண்ணாடிக் கட்டடங்களும் அங்க இருந்த தறிகளும் ஒரே கலெக்டருக்குக் கீழே இருந்துச்சு. வண்டலூர், ஒரகடம், வாலாஜாபாத் வழியா போனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள அங்க இருக்கலாம்.

காஞ்சிப் பட்டுன்னா ஏதோ பல்லவர் காலத்துலேருந்தே எல்லாத் தமிழ்ப் பொண்ணும் கட்டிக்கிட்டு வந்த மாதிரி விளம்பரம் போடுறாங்க. காஞ்சிபுரம் பழைய நெசவு ஊர்ங்கிறது உண்மை. ஆனா அங்க பட்டுப்பூச்சி இல்ல. பட்டு நூல் கர்நாடகத்துலேருந்து வரணும். ஜரிகை ரொம்ப காலமா சூரத்துலேருந்து வருது. பட்டு வசதி உள்ளவங்க வீட்டுப் பொருள். சாதாரண வீட்டுப் பொண்ணுக்குக் கூறைன்னா பருத்தி, ரொம்பப் போனா பட்டும் பருத்தியும் கலந்தது. மயிலாடுதுறையை ஒட்டி இருக்கிற கூறைநாடு அந்த மாதிரிப் புடவைக்குப் பேர் போன இடம். கூறைப் புடவைங்கிற பேரே அந்த ஊரால வந்துச்சுன்னு சொல்றவங்க உண்டு. காஞ்சிப் பட்டு ஒரு ஊர்ச் சரக்கா இருந்து எல்லார் கல்யாணத்துக்கும் கட்டாயமா மாறினது இருபதாம் நூற்றாண்டுல, மெட்ராஸ்ல பெரிய ஜவுளிக்கடைகள் வளர்ந்த பிறகு. நல்லி சின்னசாமி செட்டி கடை ஆரம்பிச்சது 1928. தி.நகரே அப்போதான் உருவாகிட்டு இருந்துச்சு. பஸ்ஸும் ரயிலும் ஜனங்களை ஒரே தெருவுக்குக் கொண்டு வந்து சேர்த்ததும் 'முகூர்த்தப் பட்டு எடுக்கப் போறது' ஒரு சடங்காவே ஆயிடுச்சு. பெரியவர், சின்னவர், ரெண்டு வீட்டுக்காரங்க, ஒரு வேன், மத்தியானம் ஹோட்டல்ல சாப்பாடு. எங்க வீட்டுலயும் அந்த வேன் ஏற்கெனவே பேசி வச்சாச்சு, அது தனிக் கதை.

நெய்யறவங்க வீட்டுல அந்தப் பட்டு இருந்துச்சா? பிரியதர்ஷன் எடுத்த 'காஞ்சிவரம்' படத்தைப் பாருங்க. பிரகாஷ் ராஜுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். பொண்ணு கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை கட்டி அனுப்புவேன்னு சொன்ன ஒரு நெசவாளி, முதலாளி நூலை வாய்க்குள்ள மறைச்சுத் திருடிட்டு வந்து ராத்திரியில நெய்யறான். முழுக்கதையையும் சொல்லிக் கெடுக்கல. அதே காஞ்சிபுரத்துல நெசவுக் குடும்பத்துல பிறந்த அண்ணா, 1953-ல கைத்தறித் துணி தேங்கிக் கிடந்தப்போ தோள்ல துணியைப் போட்டுக்கிட்டுத் திருச்சித் தெருவுல வித்தார். அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்து 1967-ல சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கினப்போ சடங்கு போச்சு, ஐயர் போனார், மாலையும் மோதிரமும் போதும்னு ஆச்சு. பட்டுப் புடவை மட்டும் போகல. சிக்கனமா கல்யாணம் பண்ணுங்கன்னு பெரியார் எவ்வளவு சொல்லியும், மேடையில உக்காந்திருந்த பொண்ணு பட்டுலதான் இருந்தா. சாமியை விட்டவங்க கூட ஜரிகையை விடல.

ஜரிகைக்கு வருவோம். பழசா புதுசாங்கிற கேள்வியோட கஜானாவே அதுக்குள்ளதான் இருக்கு.

அசல் ஜரிகைன்னா தங்கக் கம்பி இல்ல. சிவப்புப் பட்டு நூலை நடுவுல வச்சு, அது மேல தட்டையாக்கின மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுத்தி, அதுக்கு மேல தங்க முலாம் பூசுறாங்க. சுரண்டிப் பார்த்தா உள்ள சிவப்பு தெரியணும்னு கடைக்காரங்க சொல்றது இதனாலதான். சூரத்தை மட்டும் நம்பி இருக்கக்கூடாதுன்னு தமிழ்நாடு அரசு 1971-ல காஞ்சிபுரத்துலயே தமிழ்நாடு ஜரிகை ஆலையைத் தொடங்குச்சு. அங்க ஒரு காலத்துல வெள்ளி 57 சதவீதம், தங்கம் 0.6 சதவீதம்னு அளவு வச்சிருந்தாங்க. வெள்ளி விலை ஏற ஏற அது 40 சதவீதமாவும் தங்கம் அரை சதவீதமாவும் இறங்குச்சு. செம்பு பங்கு கூடுச்சு. தனியார் சந்தையில இதைவிட மோசம். செம்புக் கம்பி, பாலியெஸ்டர் ஜரிகை எல்லாம் 'காஞ்சிப் பட்டு'ங்கிற பேர்லயே விக்குது. 2004-ல மத்திய பட்டு வாரியம் சில்க் மார்க் கொண்டு வந்தாங்க. ஆனா அது பட்டு அசலான்னு சொல்லும். ஜரிகையைப் பத்திப் பேசாது. 2005-ல காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் வந்துச்சு.

இப்போ கணக்கு. நம்ம தொழில் கோட் எழுதுறது, கணக்கு போடாம விட மாட்டேன். ஜரிகையை 'மார்க்'குன்னு ஒரு அளவுல விப்பாங்க. ஒரு மார்க்கு 242 கிராம். கொஞ்சம் கனமான முகூர்த்தப் புடவையில அரை மார்க்கு, அதாவது 121 கிராம் ஜரிகை இருக்குன்னு வச்சுக்குவோம். 57 சதவீதம்னா சுமார் 69 கிராம் வெள்ளி. அம்மா கல்யாணம் நடந்தப்போ வெள்ளி கிலோ ஆறாயிரம், ஏழாயிரம் ரூபாய். அப்போ அந்தப் புடவைக்குள்ள இருந்த வெள்ளி நானூத்தம்பது ரூபாய்ச் சொச்சம். 2025 அக்டோபர்ல உலகச் சந்தையில வெள்ளி அவுன்ஸ் 50 டாலரைத் தாண்டுச்சு. 1980-ல ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவிச்சப்போ தொட்ட உயரம் அது. டிசம்பர்ல இங்க கிலோ ரெண்டு லட்சம் ரூபாயையும் தாண்டிடுச்சு. அந்த விலைக்கு அதே 69 கிராம் சுமார் பதிமூணாயிரத்து எண்ணூறு ரூபாய்.

புரியுதா? அம்மா புடவை முப்பது வருஷம் பீரோவுல தூங்கிக்கிட்டே முப்பது மடங்கு ஆயிடுச்சு. பல ஃபிக்ஸட் டெபாசிட் இந்த வேலையைச் செஞ்சிருக்காது.

இங்கதான் செகண்ட் ஹேண்ட் சந்தை வருது. நம்ம ஊர்ல பழைய பட்டுப் புடவைக்கு ஒரு சந்தை எப்பவும் இருந்திருக்கு. ஆனா கட்டுறதுக்கு இல்ல, எரிக்கிறதுக்கு. நம்ம தெருக்கள்ல ஸ்பீக்கர் கட்டின ஆட்டோ போகும், கேட்டிருப்பீங்க: பழைய பட்டுப் புடவை, கிழிஞ்சது, கறை பட்டது, எதுவா இருந்தாலும் எடுக்கிறோம். கிழிஞ்சிருந்தா அவங்களுக்கு என்ன நஷ்டம்? ஜரிகையைத் தனியா வெட்டுவாங்க. எரிச்சா பட்டு சாம்பலாயிடும், உலோகம் நிக்கும். அதை உருக்கிப் பிரிச்சா வெள்ளி. இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உள்ள வழக்கமும் இல்ல. லூசி நோரிஸ்ங்கிற மானிடவியலாளர் டெல்லியில பழைய துணி எங்கெங்க போகுதுன்னு பின்னாடியே போய் ஆராய்ச்சி பண்ணி 2010-ல ஒரு புத்தகம் போட்டாங்க. பாத்திரம் கொடுத்துப் பழைய துணி வாங்குறவங்களோட உலகம் அது. நம்ம ஊர் பாத்திரக்காரம்மாவோட வடக்கத்திச் சொந்தக்காரங்கன்னு வச்சுக்கலாம்.

இதுல எனக்கு உறுத்துற இடம் ஒண்ணு இருக்கு. பழைய புடவையில வெள்ளி அதிகம்ங்கிறதாலதான் அது முதல்ல நெருப்புக்குப் போகுது. செம்பு ஜரிகைப் புடவையை யாரும் எரிக்க மாட்டாங்க, பிரயோஜனம் இல்ல. அப்போ தப்பிப் பிழைக்கிறது மட்டமானது, அழியறது நல்லது. அந்தப் பார்டர்ல இருந்த ருத்ராட்சமும் கோபுரமும் அன்னப்பட்சியும் எப்படி நெய்யறதுன்னு தெரிஞ்ச நெசவாளர் போயிட்டார்னா, அந்தப் புடவைதான் மிச்சம் இருக்கிற ஒரே டாகுமெண்டேஷன். அதையும் கிராம் கணக்குல வித்துடுறோம். ருக்மிணி தேவி 1937-ல கலாக்ஷேத்ராவுல நெசவுக் கூடம் ஆரம்பிச்சு, விட்டுப்போன பழைய பார்டர்களையும் வண்ணச் சேர்க்கைகளையும் திரும்பக் கொண்டு வந்தாங்க. அந்த மாதிரி வேலை பண்ண பழைய புடவைங்க கண்ணுக்கு முன்னாடி இருக்கணும். இன்னைக்கு யாராவது அதே மாதிரி ஆரம்பிக்கணும்னா 1970-க்கு முந்தின புடவை எத்தனை பீரோவுல மிச்சம் இருக்கும்?

அப்போ பழசைக் கட்டுறதுதான் சரி, முடிஞ்சுதுன்னு சொல்லிட்டுப் போக எனக்கும் ஆசைதான். ரெண்டு விஷயம் தடுக்குது.

ஒண்ணு, அந்தப் புடவை எப்படி நெய்யப்பட்டுச்சுங்கிறது. காஞ்சிப் பட்டோட பெருமையே கோர்வை. உடல் ஒரு கலர், பார்டர் வேற கலர், ரெண்டும் தறியிலேயே கோத்து வரும். அதுக்கு மூணு நாடா வேணும். நெசவாளர் ஒரு பக்கம் இருந்தா, மறுபக்கத்து நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேணும். ரொம்ப காலம் அந்த 'இன்னொரு ஆள்' ஒரு குழந்தை. முன்பணத்துக்கு அடமானமா வந்த குழந்தைங்களும் உண்டு. 2003-ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழில்ல கொத்தடிமைக் குழந்தைங்க பத்தி ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. அதுல காஞ்சிபுரமும் இருக்கு. சட்டம் அதுக்கு முன்னாடியே இருந்துச்சு, 1986-லேருந்து குழந்தைத் தொழிலாளர் சட்டம் இருக்கு. அம்மா புடவை 1994. பார்டரைக் கோத்த கை யாரோடதுன்னு புடவையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அழகா நேரா வந்திருக்கு கோர்வை, அவ்வளவுதான் தெரியும். பாரம்பரியம் பாரம்பரியம்னு பேசுறப்போ இந்தப் பக்கத்தையும் மடிச்சு உள்ள வச்சிடக்கூடாதுன்னு நினைக்கிறேன்.

ரெண்டாவது, இன்னைக்கு நெய்யறவங்க. எல்லாரும் அம்மா புடவையைக் கட்டினா அவங்க என்ன செய்வாங்க? துணி விஷயத்துல "பழசைப் பயன்படுத்துங்க, உலகத்தைக் காப்பாத்துங்க"ங்கிற பேச்சு மேல்நாட்டுலேருந்து வந்தது. அங்க கதை வேற. விக்டோரியா ராணி 1840-ல வெள்ளையில கல்யாணம் பண்ணாங்க, அதுக்கப்புறம்தான் வெள்ளை கவுன் ஃபேஷன் ஆச்சு. அவங்க கூட அந்த லேஸை எடுத்து வச்சுப் பிற்பாடு பல விசேஷத்துக்குப் போட்டுக்கிட்டாங்க. ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டன்ல 1941-லேருந்து 1949 வரைக்கும் துணிக்கு ரேஷன். ராணுவத்துல இருந்த பொண்ணுங்களுக்காக நாவலாசிரியை பார்பரா கார்ட்லாண்ட் பழைய கல்யாண கவுன்களை விலை கொடுத்து வாங்கி, ஒண்ணையே பல பேருக்கு இரவல் கொடுக்க ஏற்பாடு பண்ணாங்க. அங்க பழைய கவுன்ங்கிறது பஞ்சத்துல பிறந்த ஒரு நல்ல வழக்கம். 2020-ல இளவரசி பீட்ரிஸ் பாட்டி எலிசபெத்தோட பழைய கவுனைத் திருத்திப் போட்டுக் கல்யாணம் பண்ணப்போ உலகமே கைதட்டுச்சு. பக்கத்துல, மலப்புறம் மாவட்டம் தூதாவுல ஒருத்தர் ஒரே ஒரு நாள் போட்ட கல்யாண டிரெஸ்களைச் சேர்த்து, இல்லாதப்பட்டவங்களுக்கு இலவசமா கொடுக்கிறார். அதுக்கு ரெண்டு கையாலயும் கும்பிடு.

ஆனா காஞ்சிப் பட்டு ஃபேக்டரியில ஆயிரம் ஆயிரமா அடிச்சுத் தள்ளுற துணி இல்ல. ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகும், ஒரு மாசமும் ஆகும். 1985-ல கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்து, பட்டுச் சேலை மாதிரி சில ரகங்கள் கைத்தறிக்கு மட்டும்னு எழுதினாங்க. எழுதினது எழுத்துலதான் இருக்கு. விசைத்தறிப் புடவை அதே கண்ணாடி ஷோகேஸ்ல அதே பேர்ல தொங்குது. நீங்க புதுசு எடுக்கிறப்போ காசு நெசவாளருக்குப் போகுதா இல்லையாங்கிறது நீங்க எதை எடுக்கிறீங்கங்கிறதைப் பொறுத்தது. இன்னொரு பக்கம், 2008-ல சென்னையில ஒரு ஜவுளிக்கடை ரவிவர்மா ஓவியத்தை நெய்து சுமார் 40 லட்ச ரூபாய்க்கு ஒரு புடவை போட்டாங்க. பத்திரிகையில எல்லாம் வந்துச்சு. அது புடவையா, போஸ்டரான்னு எனக்கு இன்னைக்கும் தெரியல.

சரி, எங்க வீட்டு விஷயம். போன மாசம் ரெண்டு அம்மாவும் உக்காந்து பேசினாங்க. வருங்கால அத்தை முதல்ல கொஞ்சம் முகம் சுளிச்சாங்க. "நாங்க எடுத்துக் கொடுக்க முடியாதவங்கன்னு நினைப்பாங்களே"ன்னாங்க. பாத்தீங்களா, சுத்தம், சகுனம், ராசி எதுவும் அவங்க வாயிலேருந்து வரல. கொடுக்கிறவங்க மரியாதைதான் வந்துச்சு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, ஏன்னா அது நியாயம். அதனால முகூர்த்தத்துக்கு அவங்க எடுத்துக் கொடுக்கிற புதுசு. ஒரே நிபந்தனை வச்சேன்: கடைக்கு இல்ல, காஞ்சிபுரத்துல நெசவாளர் கூட்டுறவு சங்கத்துக்குப் போகணும். ஜரிகையை மெஷின்ல வச்சு சோதிச்சுச் சதவீதத்தை எழுதி வாங்கணும். அத்தைக்கு இந்த ஐடியா ரொம்பப் பிடிச்சுப் போச்சு. சதவீதத்தை அச்சடிச்சுத் தட்டுல வைக்கலாமான்னு கேட்டாங்க. அம்மாவோட அரக்குப் பட்டு முந்தின நாள் நலங்குக்கு. அது பிறந்த வீட்டு நிகழ்ச்சி, திசை சரியா போச்சு.

அந்தப் புடவை இப்போ எப்படி இருக்குன்னா, மடிப்பு விழுந்த இடத்துல மட்டும் இழை விட்டிருக்கு. முப்பது வருஷம் ஒரே மடிப்புல வச்சதோட விலை. உங்க வீட்டுலயும் இருந்தா சில விஷயம்: மூணு நாலு மாசத்துக்கு ஒருதடவை எடுத்து மடிப்பை மாத்தி மடிங்க. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பழைய பருத்தி வேட்டியில சுத்தி வைங்க. ரசகற்பூர உருண்டையை ஜரிகை மேல படற மாதிரிப் போடாதீங்க, சென்ட்டும் அடிக்காதீங்க, வெள்ளி கருத்துடும். ஹேங்கர்ல தொங்க விட்டா கனத்துல இழையே அறும். உடல் போயிடுச்சு, பார்டர் நல்லா இருக்குன்னா பார்டரை எடுத்து வேற உடல்ல வச்சுத் தைச்சுக் கொடுக்கிறவங்க இருக்காங்க. நம்ம அம்மாக்கள் பட்டுப்பாவாடை தைச்சுப் போட்ட அதே டெக்னிக்தான்.

ஆட்டோவுல போடணும்னே முடிவு பண்ணிட்டீங்கன்னா, பணத்தேவை யாருக்கு இல்ல, நான் தடுக்க மாட்டேன். எடை போடுறதுக்கு முன்னாடி நல்ல வெளிச்சத்துல விரிச்சு முந்தானை, ரெண்டு பார்டர், பின்பக்கம் எல்லாத்தையும் போட்டோ எடுத்துடுங்க. பக்கத்துல ஒரு ஸ்கேல் வைங்க, அளவு தெரியணும். யார் கல்யாணம், எந்த வருஷம், எந்தக் கடை, ஞாபகம் இருக்கிறதை எழுதி எனக்கு அனுப்புங்க. போன ரெண்டு வாரத்துல எங்க சொந்தக்காரங்ககிட்டேருந்து மட்டும் பதினோரு புடவை சேர்ந்திருக்கு. பழசுல பழசு, மதுராந்தகத்துல ஒரு பெரியம்மா வீட்டுல, 1961. மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு பார்டர், ஓரத்துல ஒரு கை அகலத்துக்குக் கறை. அது குங்குமமா பாயசமான்னு அங்க இன்னும் சண்டை ஓடிக்கிட்டு இருக்கு.

அடுத்த வாரம் பாப்போம்.